மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்கவும்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். இங்கே நான் நலம். உங்கள் அத்தைக்கு முழங்கால் வலி மாடிப்படி ஏறும்போது மட்டும் வருகிறது. பக்கத்து வீட்டுக்குப் போகும்போது வருவதில்லை. உங்கள் நலத்துக்கு எழுதவும்.

உங்கள் கம்பெனியின் புது ஆபரேட்டிங் சிஸ்டத்தை என் லாரி எடை மேடைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளச் சொன்னவர் நீங்கள். "மாமா, இது பறக்கும்" என்றீர்கள். பறக்கவில்லை, தூங்குகிறது. நாலு நிமிடம் யாரும் மௌஸைத் தொடாவிட்டால் திரை அணைந்துவிடுகிறது. தட்டி எழுப்பினால், முன்னால் போன லாரியின் எடையையே பிடித்துக்கொண்டு அடுத்த லாரிக்கும் காட்டுகிறது. முந்தாநாள் ஜல்லி லாரிக்குப் பின்னால் மெத்தை ஏற்றிய வண்டி வந்தது. இருபத்தெட்டு டன் என்று சீட்டு வந்தது. டிரைவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, மெத்தை மேல யாராவது படுத்திருக்காங்களா?" என்று கேட்டார். அணைத்துப் போட்டால் சரியாகிறது. அதற்குப் பதினோரு நிமிடம். அதற்குள் வெளியே ஐந்து லாரி நின்று ஹாரன் அடிக்கிறது.

ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. நல்லவேளையாக உங்கள் மனைவி இங்கே இருக்கிறாள். நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று இரண்டு பெரிய பெட்டியோடு வந்தவள். இன்று இருபத்து மூன்றாவது நாள். கேட்டால், "அப்பாவுக்கு மௌஸ் ஆட்ட ஆள் வேணாமா? இது சரியானதும் கிளம்பறேன்" என்கிறாள். வேறு காரணம் எதுவும் அவள் சொல்லவில்லை. நானும் தோண்டித் துருவவில்லை. அவளுடைய செல்போன் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அது தினமும் அடிப்பதை நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

எனக்குப் போன் போடலாமே என்பீர்கள். எடை மேடை அறை பத்துக்குப் பத்து. நான் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். மெயில் அனுப்புவதென்றால் அந்தக் கம்ப்யூட்டரில்தான் அனுப்ப வேண்டும்; அதன் முன்னால் அவள். அதனால்தான் தபால்.

எப்போது சரியாகும்? கம்ப்யூட்டரைத்தான் கேட்கிறேன்.

கை சோர்ந்துபோன
உங்கள் மாமனார்


மார்ச் 11

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அத்தையின் முழங்காலை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் புகாரைப் பதிந்துவிட்டேன். எண் 40716. எங்கள் பிரிவில் எந்தப் புகாருக்கும் முதலில் ஓர் எண் கிடைக்கும், அப்புறம் வரிசையில் ஓர் இடம் கிடைக்கும். உங்களுடையது நான்காம் வரிசையில் இருக்கிறது. ஐந்தாம் வரிசை எழுத்துப் பிழைகளுக்கு. சோதனைக்காரர் ஒருவர் முயன்று பார்த்துவிட்டு, 'எங்களிடம் அப்படி நடக்கவில்லை' என்று எழுதிப் புகாரை மூடிவிட்டார். நான் மறுபடி திறந்திருக்கிறேன். பதற வேண்டாம், இதெல்லாம் வழக்கம்தான். 'தெரிந்த பிரச்சினை' என்று முத்திரை விழுந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மௌஸை ஆட்டுபவருக்குக் கை வலி ஏதும் இல்லையே? மணிக்கட்டுக்கு அடியில் ஒரு மடித்த துணி வைத்துக்கொள்வது நல்லது. இது எல்லா வாடிக்கையாளர்களுக்கும் நாங்கள் பொதுவாகச் சொல்வது.

வீட்டில் எல்லாம் அப்படியே இருக்கிறது. சமையலறை ஜன்னல் மட்டும் காற்றில் படார் படாரென்று அடித்துக்கொள்கிறது. கொக்கி எப்போது உடைந்தது என்று தெரியவில்லை. இத்தனை நாள் இந்தச் சத்தம் என் காதில் எப்படி விழாமல் போனது என்றும் தெரியவில்லை.

பணிவுள்ள
மாப்பிள்ளை


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். எல்லோரும் நலம், கம்ப்யூட்டரைத் தவிர.

உங்களிடம் அப்படி நடக்கவில்லையாமா? ஒரு லாரியைத் தபாலில் அனுப்பட்டுமா? ஸ்டாம்பு நான் ஒட்டுகிறேன்.

இங்கே முறை வைத்து வேலை பார்க்கிறோம். காலை ஒன்பதிலிருந்து ஒன்று வரை உங்கள் மனைவி. ஒன்றிலிருந்து நாலு வரை உங்கள் அத்தை. நாலுக்கு மேல் நான். உங்கள் மனைவி இடது கையால் மௌஸை ஆட்டிக்கொண்டே வலது கையால் பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் படம் வரைகிறாள். அவள் வேலையை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம் என்பது இவ்வளவு தொல்லையான விஷயம் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது. உங்கள் அத்தை மௌஸை ஆட்டுவதில்லை, அடுப்பு மேடையைத் துடைப்பது போலத் துடைக்கிறாள். சுவரில் உங்கள் மனைவி பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறாள்: 'மௌஸை ஆட்டிக்கொண்டே இருக்கவும்.' லாரிக்காரர்கள் வந்து ஆளுக்கொரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போகிறார்கள்.

பக்கத்து டயர் கடைக்காரர் வாயைப் பிடுங்குகிறார். "பொண்ணு எப்பங்க கிளம்புது?" "கம்ப்யூட்டர் சரியானதும்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் ஜன்னலைப் பற்றி எழுதியிருந்ததை உங்கள் அத்தையிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. பக்கத்திலிருந்து பதில் வந்தது: "இப்பதான் கேக்குதாமா? மூணு வருஷமா அடிக்குது." அதற்கப்புறம் மௌஸ் ஆடிய ஆட்டத்தில் மேசையே ஆடியது. மடித்த துணி வைத்துக்கொள்ளவில்லை.

உங்கள்
மாமனார்


ஏப்ரல் 2

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். நலம், நலமறிய ஆவல். நல்ல செய்தியோடு எழுதுகிறேன்.

உங்கள் குறையை எங்கள் அலுவலகத்திலேயே நடத்திக் காட்டிவிட்டேன். லாரி கிடைக்கவில்லை, ஆள் நிற்கும் எடை மெஷின் ஒன்றை வாங்கி வந்து கம்ப்யூட்டரோடு இணைத்தேன். எங்கள் மேலாளர் அம்மாவின் சாப்பாட்டு டப்பாவை அதன் மேல் வைத்தேன். ஒன்றேகால் கிலோ. நாலு நிமிடம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். திரை தூங்கியது. டப்பாவை எடுத்துவிட்டு மேலாளர் அம்மாவையே ஏறி நிற்கச் சொன்னேன். எழுப்பினால் ஒன்றேகால் கிலோ! அவர் இறங்கவே இல்லை. "இதையா சரி பண்ணணும்னு சொல்றீங்க?" என்று கேட்டார். ஆனாலும் இரண்டாம் வரிசைக்கு ஏற்றிவிட்டார்.

மாதக் கடைசியில் வரும் அப்டேட்டில் இது சரியாகிவிடும். மௌஸை ஆட்டுபவரிடம் இந்தத் தேதியைச் சொல்லலாம். அவர் திட்டமிட்டுக்கொள்ள வசதியாக இருக்கும்.

பணிவுள்ள
மாப்பிள்ளை


ஏப்ரல் 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நலம். தாள் இப்படி இருப்பதற்கு மன்னிக்கவும். வெள்ளைத்தாள் தீர்ந்துவிட்டது. மேசையில் மேலாகக் கிடந்ததை எடுத்து அதன் பின்பக்கம் எழுதுகிறேன். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

மேலாளர் அம்மா கதையைச் சாப்பிடும்போது சொன்னேன். உங்கள் அத்தை புரையேறச் சிரித்தாள். உங்கள் மனைவி சிரிக்கவில்லை. தட்டைக் கழுவப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

தேதியையும் சொன்னேன். "அதுக்குள்ள எல்லாம் சரியாகாதுப்பா" என்றாள். எதை என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

உங்கள்
மாமனார்


மே 1

மாமாவுக்கு,

வணக்கம். அப்டேட் மூன்று வாரம் தள்ளிப்போயிருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தின் பின்பக்கம் ஒரு படம். ஓர் ஆள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கழுத்துக்கு மேலே தலைக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் திரை. சட்டைப் பையில் மசிக்கறை. அந்தச் சட்டையைத்தான் இப்போது போட்டுக்கொண்டிருக்கிறேன். எதிரே ஒரு பெண் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்கிறாள். அவன் திரையில் சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறது: 'தெரிந்த பிரச்சினை. வரிசையில் இருக்கிறது.'

நான் அப்படித்தான் சொல்வேன், மாமா. ஜன்னல் கொக்கி என்றால், தெரிந்த பிரச்சினை. குளியலறைக் கதவு சிக்கிக்கொள்கிறது என்றால், எனக்கு அப்படி நடக்கலையே. அலுவலகத்தில் சொல்லிச் சொல்லி வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. வேடிக்கையாகப் பேசுகிறேன் என்றுகூட நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கிளம்பிப் போன அன்று காலையில் என்னிடம் வந்து ஏதோ சொன்னாள். புது சிஸ்டம் வெளியாகும் வாரம். நான் திரும்பிப் பார்க்காமலே, "சரி, வரிசையில போட்டு வை, அப்புறம் பார்க்கறேன்" என்றேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது பெட்டிகள் இல்லை. நீங்கள் கேட்காமல் விட்ட காரணம் இதுதான்.

அன்று என்ன சொன்னாள், மாமா? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. காதில் விழுந்ததாகவே நினைவில்லை. உங்களுக்குத் தெரியுமா?

மாப்பிள்ளை


மே 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நலம்.

தெரியும். சொல்ல மாட்டேன். அவள் அதை முதலில் உங்களிடம்தான் சொல்ல வந்தாள், எங்களுக்கெல்லாம் அப்புறம்தான். நான் சொல்லித் தெரிந்துகொண்டால் அது இரண்டாவது தடவையும் வீணாகிவிடும். கெட்ட செய்தி இல்லை என்பது மட்டும் சொல்வேன். நான் கண் கலங்கிய செய்தி. அத்தை தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிய செய்தி. டயர் கடைக்காரருக்குக்கூடத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது.

கோபமாக எழுதிவிட்டேன். கோபமாகத்தான் இருக்கிறது. சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடுங்கள்.

மாமனார்


மே 24

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கோபம் நியாயம்தான்.

அப்டேட் இன்று வெளியாகிவிட்டது. இரண்டு நாளில் உங்கள் திரையில் ஒரு கட்டம் வரும். அதில் 'இப்போதே', 'பிறகு' என்று இரண்டு பொத்தான்கள். 'இப்போதே' என்பதை அமுக்குங்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் மௌஸை ஆட்ட வேண்டாம்.

யாருக்கும் அங்கே அந்த வேலை இருக்காது என்று நினைக்கும்போது, சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. அவளுக்கு நாலு கடிதம் எழுதினேன். நாலையும் கிழித்துவிட்டேன். எல்லாமே அலுவலகக் கடிதம் போல இருந்தன. ஒன்றில் எண்கூடப் போட்டிருந்தேன்.

சரியானதும் ஒரு வரி எழுதவும்.

மாப்பிள்ளை


ஜூன் 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். நாங்கள் அனைவரும் மிக மிக நலம். அத்தையின் முழங்கால் ரொம்பத் தேவலை. வெயில் குறைந்திருக்கிறது. நல்ல காற்று. உங்கள் உடம்பு எப்படி? செரிமானம் எப்படி? எடை மேடைக்கு முன்னால் பாதையைச் செப்பனிட்டிருக்கிறார்கள், அருமையாக இருக்கிறது.

நீங்கள் சொன்ன கட்டம் இன்னும் வரவில்லை. மெஷின் முன்போலவே தூங்குகிறது. வந்ததும் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

உங்கள்
மாமனார்


ஜூன் 16

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

வணக்கம். மூன்று மாதமாக எப்போது எப்போது என்று என்னைப் பிய்த்து எடுத்தவர் நீங்கள். அவசரம் இல்லை என்று உங்கள் கையெழுத்தில் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது.

அப்டேட் ஏறாத கம்ப்யூட்டர்கள் ஏன் ஏறவில்லை என்று தாமாகவே எங்களுக்குக் குறிப்பு அனுப்பும். உங்களுடையதைத் தேடிப் பார்த்தேன். கட்டம் மே 26ஆம் தேதியே வந்துவிட்டது. உங்கள் கடிதத்துக்கு முந்தின நாளான ஜூன் 11 வரை பதினேழு நாளில் 'பிறகு' என்ற பொத்தான் ஐம்பத்தொரு முறை அமுக்கப்பட்டிருக்கிறது. தினமும் மூன்று முறை. காலை ஒன்பதேகால், மதியம் ஒன்றேகால், மாலை நாலேகால்.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தில் முறை அட்டவணை இருக்கிறது, மாமா. எடுத்து வைத்துப் பார்த்தேன். மாலை நாலேகாலை நான் எதிர்பார்க்கவே இல்லை. அத்தைக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்றும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் மூவரும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குப் புரிய இவ்வளவு நாள் பிடித்தது. கம்ப்யூட்டரைச் சரி செய்துவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று மார்ச்சிலிருந்து நான் அலுவலகத்திலேயே குடியிருந்தேன். பஸ் ஏறினால் அங்கே வர அரை நாள்தான்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் பரவாயில்லை.

மாப்பிள்ளை


ஜூலை 1

அன்புள்ள அப்பாவுக்கு,

அம்மாவுக்கும்தான். நாங்கள் சௌக்கியமாக வந்து சேர்ந்தோம். நீங்கள் மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அம்மாவை மாடிக்கு அலைய விடாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் டயர் கடையில் ஒரு பெரிய டயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தது எனக்குத் தெரியும். அம்மாவின் தலை மேலே தெரிந்தது. உள்ளே என்ன நடந்தது என்று கேட்காமலே பஸ் ஏற்றி விட்டீர்கள். நீங்களாகக் கேட்க மாட்டீர்கள், நானே சொல்கிறேன்.

அவர் வந்து நேரே எடை மேடையின் நடுவில் நின்றார். நான் திரையைப் பார்த்தேன். மெஷின் தூங்கி எழுந்திருந்ததால் இருபத்தாறு டன் காட்டியது. "இருபத்தாறு டன். தலைக்கனத்தோட சேர்த்து" என்று கத்தினேன். "சரியாத்தான் காட்டுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளே வந்து ஒரு பட்டியலை நீட்டினார். நான் சொல்லி அவர் எண்கூடக் கொடுக்காமல் மூடிவிட்டவையாம். பதினான்கு இருந்தன. ஜன்னல் கொக்கி, குளியலறைக் கதவு, அம்மா வந்திருந்தபோது அவர் திரையை விட்டு எழுந்திருக்காதது, எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'மறுபடி திறக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது, அப்பா. அங்கேயும் அலுவலகம்! ஆனால் பதினான்காவதில், 'அன்று காலையில் சொன்னது' என்று எழுதி, அதன் பக்கத்தில் வெறும் இடமாக விட்டிருந்தார்.

"அன்னைக்கு நீ என்ன சொன்னே?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டே பழக்கமில்லாத இடது கையால் மௌஸை ஆட்டிக்கொண்டிருந்தார், சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு. "அதை விடுங்க, தூங்கட்டும்" என்றேன். விட்டார்.

அப்புறம் சொன்னேன். எழுத்தே இல்லாத படப் புத்தகம், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை என் படங்கள், அட்டையில் என் பெயர் மட்டும். பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் பாடத்துக்கு ஓரத்தில் பூவும் கிளியும் வரைந்தவளைப் பதிப்பகத்தார் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். எந்தெந்தப் பக்கத்தில் என்ன வரைந்திருக்கிறேன் என்று முழுக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு பக்கம். பாதியில் திரை அணைந்தது. வெளியே லாரிகள் சேர்ந்து ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் கதவைத் தட்டி, "மெஷின் தூங்கிடுச்சும்மா" என்றார். உங்கள் மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கவே இல்லை, அப்பா. கடைசிப் பக்கம் வரை என் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் வந்த மறுநாளே ஜன்னலுக்குக் கொக்கி போட்டார். கோணலாக இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பேசிய பேச்சில் 'இப்போதே' என்ற பொத்தானை அமுக்க நாங்கள் மறந்துவிட்டோம். நீங்கள் அமுக்கினீர்களா?

அன்பு
மகள்


ஜூலை 8

அன்புள்ள மகளுக்கும் மாப்பிள்ளைக்கும்,

இருவருக்கும் ஆசிகள். மாத்திரை போடுகிறேன். அம்மாவின் முழங்கால் வலி மறுபடி மாடிப்படிக்கு வந்துவிட்டது.

நீங்கள் ஏறிய பஸ் திருப்பத்தில் மறைந்ததும், அம்மா விறுவிறுவென்று எனக்கு முன்னால் நடந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, 'இப்போதே' என்பதை அமுக்கினாள். இப்போது மெஷின் தூங்குவதே இல்லை. மேடை காலியாக இருந்தால் பூஜ்யம் காட்டுகிறது. மெத்தைக்கு மெத்தையின் எடை, ஜல்லிக்கு ஜல்லியின் எடை. சுவரில் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். ஒன்றேகால் மணியானால் அவள் வந்து உட்கார்ந்து மேசையைத் துடைக்கிறாள். நாலேகாலுக்கு நான் போய் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வருகிறேன். காலை ஒன்பதேகாலுக்குத்தான் ஆள் இல்லை.

டயர் கடைக்காரர் இப்போது, "பொண்ணு திரும்ப எப்பங்க வருது?" என்று கேட்கிறார்.

மாப்பிள்ளை, உங்கள் கம்பெனி அடுத்த ஆபரேட்டிங் சிஸ்டத்தை எப்போது வெளியிடுகிறது? எனக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். சோதித்துப் பார்க்காமல் அனுப்பினால் இன்னும் நல்லது.

உங்கள்
அப்பா